மானியத்தை மீட்போம், கல்லூரி வாசலுக்கு வாருங்கள்!



2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. 424 கோடி ரூபாய் வரிப் பாக்கி என்றார்கள். 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், பணியில் இருப்பவருக்குச் சம்பளம் போடவும் ஓய்வுபெற்றவருக்கு ஓய்வூதியம் போடவும் வழியில்லாமல் தவித்தது. நாளேடுகளில் சில நாள் செய்தி ஓடியது. பிறகு அடுத்த செய்தி வந்தது, இது அடங்கிப்போனது.

அன்று வரித்துறை சொன்ன காரணத்தை நாம் அடங்க விட்டிருக்கக் கூடாது. பெரும்பகுதி அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வருமான வரியிலிருந்து விலக்கு உண்டு. மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும் என்பது அதற்கான அளவுகோல். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசு தரும் மானியம் அந்தப் பாதியைத் தொடவில்லை, ஆகவே விலக்கு கிடையாது என்றது வரித்துறை. அந்த வாதம் சட்டத்தில் நிற்குமா என்பதை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் பார்க்க வேண்டியது அதன் அடியில் இருக்கும் கணக்கை. மாநிலத்தின் தாய்ப் பல்கலைக்கழகம், தன்னை அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனம் என்று நிரூபிக்க முடியாத இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தணிக்கை ஆட்சேபணை என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக மானியத்தைப் பிடித்தார்கள். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விட்டார்கள். ஓய்வூதியச் சுமையைப் பல்கலைக்கழகத்தின் தலையிலேயே கட்டினார்கள். ஒரே நாளில் யாரும் அறிவித்து நடந்த தனியார்மயம் இல்லை இது. மானியம் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வெளியே தெரிந்திருக்கிறது.

அரசு தராத அந்தப் பாதியை யார் தந்தார்கள்? தேர்வுக் கட்டணமாக, இணைப்புக் கட்டணமாக, சான்றிதழ்க் கட்டணமாக மாணவர்கள் தந்தார்கள். எல்லோருக்கும் மேலாகத் தொலைநிலைக் கல்வி மாணவர்கள் தந்தார்கள். பகலில் ஜவுளிக்கடையில் துணி மடித்து வைத்துவிட்டு இரவில் பாடப் புத்தகத்தைத் திறக்கும் பெண், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு பி.ஏ. எழுதும் அங்கன்வாடிப் பணியாளர், கான்ஸ்டபிளாகச் சேர்ந்து பதவி உயர்வுக்காகப் பட்டம் தேடுகிறவர் என்று, கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்க வசதி இல்லாதவர்கள் கட்டிய பணத்தில்தான் சென்னை, மதுரை, சிதம்பரம் பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகள் ஓடின. பல்கலைக்கழக மானியக் குழு தொலைநிலைக் கல்விக்கு எல்லை கட்டியதும் அந்த வரவு சரிந்தது. அரசு அந்த இடத்தை நிரப்பவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வராமல், எழுபது வயது தாண்டிய முதியவர்கள் கூடத் தங்கள் பணத்தைக் கேட்டுப் போராட வேண்டி வந்தது. துணைவேந்தர் நியமனத்தில் ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் பல பல்கலைக்கழகங்கள் தலைமை இல்லாமல் கிடந்த கதை வேறு. அதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. கஜானாவைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்திய அளவு 28.4. இது 2021-22-ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் கணக்கு. இந்தப் பெருமை நமக்குச் சும்மா வரவில்லை. ஊர் ஊராகப் பள்ளி திறந்ததும், இடஒதுக்கீட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடியதும், மதிய உணவும், பேருந்துப் பயண அட்டையும், அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குப் பயிற்றுக் கட்டணத்தை நீக்கியதும் சேர்ந்து வந்த பெருமை. இதில் ஒன்றையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே வந்த அந்தப் பிள்ளைகள் எந்தக் கல்லூரியில், யார் பணத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு துறையாகப் போய்ப் பாருங்கள்.

நம் மாவட்டங்களில் உள்ள ஏதாவது ஒரு பழைய அரசு உதவிபெறும் கல்லூரிக்குள் ஒரு முழுநாள் இருந்து பாருங்கள். காலையில் உதவிபெறும் பிரிவு. மதியத்துக்கு மேல் அதே வகுப்பறையில் சுயநிதிப் பிரிவு. பெஞ்சு அதேதான். வேதியியல் ஆய்வகத்தில் காலையில் ஒருத்தி கழுவி வைத்த ப்யூரெட்டைத்தான் மதியம் இன்னொருத்தி எடுக்கிறாள். பாடத்திட்டம் ஒன்று, வினாத்தாள் ஒன்று, பட்டச் சான்றிதழில் வரும் கையெழுத்தும் ஒன்று. கட்டண ரசீது மட்டும் வேறு. மதியம் வருகிறவள் காலையில் வருகிறவளைவிடப் பல மடங்கு கட்டுகிறாள். காலை ஆசிரியர் பல்கலைக்கழக மானியக் குழு விகிதத்தில் சம்பளம் வாங்குகிறார். மதிய ஆசிரியர், அதே முனைவர் பட்டத்தை வைத்துக்கொண்டு, நிர்வாகம் தரும் தொகுப்பூதியத்தை வாங்குகிறார். அந்தத் தொகுப்பூதியமும் மதியப் பிள்ளைகளின் கட்டணத்திலிருந்து வருவதுதான்.

இப்போது அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: காலைக்கு யார், மதியத்துக்கு யார்? கட்டணம் குறைந்த இடத்துக்குப் போட்டி அதிகம், கட்-ஆஃப் மதிப்பெண்ணும் அதிகம். பிளஸ் டூவில் இயற்பியல் ஆசிரியர் இல்லாமலே தேர்வு எழுதிய பள்ளியிலிருந்து வந்தவள், டியூஷன் வைத்துக்கொள்ள முடியாதவள், தேர்வுக்கு முந்தின மாதம் அம்மாவோடு களையெடுக்கப் போனவள் அந்தக் கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குக் கீழே நிற்கிறாள். அவளுக்கு மதியப் பிரிவுதான் கிடைக்கிறது. குறைவாகக் கொடுத்து வளர்க்கப்பட்டவளிடம் அதிகமாக வாங்குகிறோம் தோழர்களே. வர்க்கம் எப்படி மறு உற்பத்தி ஆகிறது என்று நாம் படிப்பு வட்டங்களில் மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். அது அந்தக் கல்லூரியில் மதியம் ஒன்றரை மணி அடித்ததும் கண்ணெதிரே நடக்கிறது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உதவிபெறும் கல்லூரியில் புதிய பாடப்பிரிவு என்றால் அது சுயநிதி என்றே ஆகிவிட்டது. கணினி அறிவியல், வணிகவியலின் புதுக் கிளைகள், உயிரித் தொழில்நுட்பம் என்று வேலை கிடைக்கும் படிப்பு எது வந்தாலும் அது மானியம் இல்லாத பக்கம்தான் முளைக்கிறது. மானியம் உள்ள பக்கத்தில் ஓய்வுபெற்றவரின் நாற்காலி காலியாகவே கிடக்கிறது.

சேர்க்கை நடக்கும் நாட்களில் கல்லூரி அலுவலக வராந்தாவில் நின்றிருக்கிறீர்களா? பிள்ளையோடு வரும் அம்மாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல். நான் உதவி மேசையில் உட்கார்ந்து ஒரு கவரை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். இவற்றுக்கு நடுவே நான்காக மடித்த அடகுக் கடை ரசீது இருந்தது. தோடு ஒரு ஜோடி என்று பேனாவில் எழுதியிருந்தது. தேதி முந்தின நாள். அந்த அம்மா சட்டென்று கை நீட்டி அதை மட்டும் உருவி இடுப்பில் செருகிக்கொண்டார். வெட்கப்பட வேண்டியவர் அவர் இல்லை.

இதைப் படிக்கும் கௌரவ விரிவுரையாளர் தோழர்களே, உங்களோடு தனியாகப் பேச வேண்டும். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் நீங்கள் ஏழாயிரத்துக்கும் மேல் இருக்கிறீர்கள். நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் மாநிலத்தில் பாதி அரசுக் கல்லூரி திறந்தும் பயனில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மணிக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்கிறது. உங்கள் கைக்கு வருவது அதில் பாதி, 25,000. அதுவும் பதினோரு மாதத்துக்கு. மே மாதம் உங்கள் வீட்டில் அரிசி வாங்க வேண்டாம் என்று எந்த நிதித்துறை முடிவு செய்தது? 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. தேர்வு தள்ளித் தள்ளிப் போனது. இதற்கிடையே நாற்பதைத் தாண்டியவர்கள், ஐம்பதைத் தொடுகிறவர்கள், தங்களிடம் படித்துப் போன மாணவனோடு அதே தேர்வுக்குப் போட்டியாக விண்ணப்பிக்கிற நிலை.

உங்கள் கோரிக்கையைச் சம்பளக் கோரிக்கை என்று மட்டும் யாரும் சுருக்க விடாதீர்கள். கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவனுக்கு நிலையான ஆசிரியர் வேண்டும். மூன்று ஆண்டும் இருக்கிற ஆசிரியர், முதலாண்டில் கூச்சத்தோடு பின்பெஞ்சில் உட்கார்ந்தவனை மூன்றாமாண்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆசிரியர். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு வழிகாட்ட அப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார், பயிற்சி மையம் இருக்கிறது. இவனுக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். உங்களை நிரந்தரமாக்கக் கேட்பது அவனுக்காகக் கேட்பதுதான். அதனால்தான் மாணவர் அமைப்புகளும் உங்கள் பந்தலில் வந்து உட்கார வேண்டும் என்கிறேன்.

இந்த நிலைக்கு எப்படி வந்தோம்? 1966-இல் கோத்தாரி குழு, தேச வருமானத்தில் ஆறு விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்றது. அறுபது ஆண்டு ஆகிறது, எந்த ஆட்சியும் அந்த ஆறை எட்டவில்லை. உலக வங்கி 1994-இல் உயர்கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, செலவை மாணவரிடமிருந்தே மீட்கச் சொன்னது. 1997-இல் ஒன்றிய நிதி அமைச்சகம் மானியங்கள் பற்றி ஒரு விவாத அறிக்கை கொண்டுவந்து, உயர்கல்வியை மானியத்துக்குத் தகுதி இல்லாத சேவைகளின் பட்டியலில் சேர்த்தது. 2000-இல் கல்விச் சீர்திருத்தத்துக்கு வழிசொல்லும் வேலையை முகேஷ் அம்பானியிடமும் குமாரமங்கலம் பிர்லாவிடமும் கொடுத்தார்கள். பிரதமரின் வணிகத் தொழில் குழுவுக்கு அவர்கள் கொடுத்த அறிக்கை உயர்கல்வியைச் சந்தைக்குத் திறக்கச் சொன்னது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி நிறுவனம் நடத்துவதைத் தொழில் செய்யும் உரிமைக்குள் வைத்தது. 2005-இல் இனாம்தார் வழக்குத் தீர்ப்பு, மானியம் பெறாத தனியார் கல்லூரிகளில் அரசு தன் இடஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்றது. அதைத் தாண்ட அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அந்தத் திருத்தம் வந்து இருபது ஆண்டாகியும் தனியார் நிறுவனங்களுக்கு அதைக் கொண்டுபோகும் ஒன்றியச் சட்டம் வரவில்லை. மானியம் போகிற இடத்தில் இடஒதுக்கீடும் சேர்ந்தே போகிறது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. வர்க்கத்தையும் சாதியையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கட்டடத்துக்கும் ஆய்வகத்துக்கும் மானியமாகத் தந்துகொண்டிருந்த பணத்தை 2017-க்குப் பிறகு ஒன்றிய அரசு கடனாக மாற்றியது. உயர்கல்வி நிதி முகமை என்று கனரா வங்கியோடு சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. கடன் வாங்கிய பழைய நிறுவனங்கள் அசலைத் தங்கள் சொந்த வருவாயிலிருந்து கட்ட வேண்டும். சொந்த வருவாய் என்றால் வேறென்ன, மாணவர் கட்டணம்தான். ஐ.ஐ.டி.யில் ஆண்டுக் கட்டணம் 2016-இல் 90,000-இலிருந்து 2 லட்சமாக ஏறியது. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் மிக ஏழைக் குடும்பங்களுக்கும் விலக்கு வைத்தார்கள், அது இருக்க வேண்டியதுதான். ஆனால் விலக்கு என்ற சொல் வந்துவிட்டாலே கட்டணம்தான் விதி என்று ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுகிறது. அடுத்து கல்விக் கடன். 2024 நவம்பரில் அறிவித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் முன்னால் இருக்கும் நிறுவனங்களின் மாணவர்களுக்குத்தான்; அறிவித்தபோது அவை 860. செய்யாறிலும் முசிறியிலும் சிவகங்கையிலும் அரசுக் கலைக் கல்லூரியில் படிப்பவளை மனத்தில் வைத்துப் போட்ட திட்டமா அது?

மாநில அரசின் பக்கம் வருகிறேன். இங்கே நாம் நிதானமாகவும் நேராகவும் பேச வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது, பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024-இல் வந்தது. மருத்துவத்தில் 2020-இலும் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021-இலும் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை 2010 முதல் இருக்கிறது. இவற்றால் படிப்பை விடாமல் தொடர்ந்த பெண்களை எனக்குத் தெரியும். அந்த ஆயிரம் ரூபாயில் மாதவிடாய் நாப்கின் வாங்கியவள், பேருந்து இல்லாத ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தவள், பருவக் கட்டணத்துக்குச் சேர்த்து வைத்தவள் எல்லோரும் நம் பிள்ளைகள். இந்தத் திட்டங்களை இலவசம் என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு எதிராக நாம்தான் முதலில் நிற்க வேண்டும்.

ஆனால் தோழர்களே, பணம் எந்தப் பாதையில் போகிறது என்று பாருங்கள். மாணவியின் வங்கிக் கணக்குக்கு ஆயிரம் போகிறது. அவள் படிக்கும் கல்லூரிக்கு ஆசிரியர் போகவில்லை. முதல் பட்டதாரிக்கும் உள் ஒதுக்கீட்டு மாணவருக்கும் அரசு கட்டும் கட்டணத்தில் பெரும்பகுதி தனியார் சுயநிதிக் கல்லூரியின் கணக்குக்குப் போகிறது. அந்தக் கல்லூரிகளில் சிலவற்றின் இலட்சணம் என்ன? ஒரே ஆசிரியரைப் பல பொறியியல் கல்லூரிகள் தத்தம் முழுநேரப் பேராசிரியராகக் கணக்குக் காட்டிய மோசடி 2024-இல் வெளியே வந்ததே, மறந்துவிட்டோமா? பொதுப்பணம் செலவாகிறது. அதில் பொதுச்சொத்து எதுவும் நிற்பதில்லை. அந்த ஆண்டுக் கட்டணம் அந்த ஆண்டோடு கரைந்துவிடுகிறது. அரசுக் கல்லூரிக்குக் கொடுத்திருந்தால் அது நூலகமாக, விடுதியாக, முப்பது ஆண்டு பணியாற்றும் ஆசிரியராக அந்த ஊரிலேயே நின்றிருக்கும். மாணவருக்கு உதவித்தொகை வேண்டும், அது உயர வேண்டும். அதோடு நிறுவனத்துக்கு மானியம் வேண்டும். இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது நம் இயக்கங்களின் பலவீனம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்தப் பலவீனத்தின் விளைவை 2025 அக்டோபரில் கண்டோம். தனியார் பல்கலைக்கழகச் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தனியார் பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் வேண்டும் என்றிருந்ததை மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கராகவும், நகராட்சி, பேரூராட்சிகளில் 35 ஏக்கராகவும், மற்ற இடங்களில் 50 ஏக்கராகவும் குறைத்தார்கள். ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகள், அரசு உதவிபெறும் கல்லூரிகள் உட்பட, தனியார் பல்கலைக்கழகமாக மாறவும் வழி திறந்தார்கள். நூறாண்டு மக்கள் பணத்தில் வளர்ந்த கல்லூரிகள் அவை. ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த நிலத்திலும் அரசு கொடுத்த சம்பளத்திலும் நின்றவை. ஒரு மனுவில் அவை தாமே கட்டணம் நிர்ணயிக்கும் தனியார் சொத்தாகிவிடும், இடஒதுக்கீட்டுக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டு ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு, மசோதாவை மறு ஆய்வு செய்வதாக அரசு அறிவித்தது. ஒரு வாரக் கூச்சலுக்கே அரசு நின்றது என்றால் நம் பலம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். மறு ஆய்வு என்பது கைவிட்டது ஆகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மசோதாவின் பின்னால் இருந்தவர்கள் பொறுமைசாலிகள். நாம் வேறு வேலைக்குப் போகும் நாளுக்காகக் காத்திருப்பார்கள்.

வெற்றி நமக்குப் புதியதில்லை. தனியார் கல்லூரி ஆசிரியர் நிர்வாகத்தின் தயவில் சம்பளம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. காகிதத்தில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வேறு தொகை. ஆசிரியர் சங்கங்கள் சிறைக்கும் போய்ப் போராடிய அந்த 1970-களில்தான் 1976-ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது, அரசே நேரடியாகச் சம்பளம் தரும் முறை நிலைத்தது. இன்று உதவிபெறும் கல்லூரி என்று நாம் காப்பாற்றப் போராடுவது அவர்கள் வென்று வைத்தது.

அதைவிட அண்மையில், சிதம்பரத்துக்கு வாருங்கள். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் தத்தளித்தபோது 2013-இல் அரசு அதை ஏற்றது. ஏற்ற பிறகும் அதன் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டியே இருந்தது. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் 13,610 ரூபாய். அரசுப் பல்கலைக்கழகம், அரசுக் கலந்தாய்வில் கிடைத்த இடம், கட்டணம் மட்டும் தனியார் கட்டணம். 2020 டிசம்பரில் மாணவர்கள் வளாகத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: அரசுக் கல்லூரியில் அரசுக் கட்டணம். கரோனா காலம். பல்கலைக்கழகத்தைக் காலவரையின்றி மூடி, விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளைகள் நகரவில்லை. பனியில், திறந்த வெளியில், ஏறக்குறைய ஐம்பது நாள். 2021 ஜனவரி இறுதியில் அந்தக் கல்லூரியை உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. அடுத்துக் கட்டணமும் மற்ற அரசுக் கல்லூரிகளின் அளவுக்கு இறங்கியது. பெருந்துறையிலும் அதே நாட்களில் மாணவர்கள் அதே கோரிக்கையை வைத்தார்கள், அங்கும் கட்டணம் இறங்கியது. ஐந்து லட்சத்துக்கும் பதின்மூன்றாயிரத்துக்கும் இடையே இருந்த தொகையை அரசு ஏற்க முடியாது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது நாளில் முடிந்தது.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரே கேட்பார், அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 2019 செப்டம்பரில் பெருநிறுவன வருமான வரியை 30-இலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வரவு போகும் என்று ஒன்றிய அரசே கணக்குச் சொன்னது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அறிவித்துவிட்டுப் போனார்கள். யாரும் அன்று பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கவில்லை. மாநிலங்களோடு பகிராத மேல்வரியையும் கூடுதல் வரியையும் ஒன்றிய அரசு வாங்கிக்கொண்டே இருக்கிறது. பகிர்கிற வரியில் தமிழ்நாட்டுக்கு 15-ஆவது நிதிக்குழு வைத்தது 4.079 விழுக்காடு. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று பள்ளிக் கல்விக்கான 2,152 கோடியை நிறுத்தி வைத்ததும் இதே ஒன்றிய அரசுதான். ஆகவே நம் சண்டை இரண்டு முனையில் நடக்கும். தில்லியைக் காட்டி மாநிலக் கோட்டை தப்பிக்கவும் கூடாது, மாநிலத்தைக் காட்டி தில்லி தப்பிக்கவும் கூடாது.

இன்னொரு வாதமும் வரும், அது கொஞ்சம் நயமாக வரும். கூலிக்காரர் கட்டும் வரியில் பட்டதாரியைப் படிக்கவைப்பது நியாயமா என்று கேட்பார்கள். கூலிக்காரர் மேல் திடீரென்று பிறக்கும் இந்தக் கருணையை நம்பாதீர்கள். கூலிக்காரர் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கும்போதும் வரி கட்டுகிறார். அவருடைய மகள்தான் அரசுக் கலைக் கல்லூரியில் இருக்கிறாள். அங்கே மானியத்தை வெட்டினால் தெருவுக்கு வருகிறவள் அவள்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தனியார் பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடும். பணக்காரர் பிள்ளையும் அரசுக் கல்லூரியில் இலவசமாகப் படிக்கிறதே என்றால், அந்தப் பணக்காரரிடம் வரியாக வாங்குங்கள். கல்லூரி கவுண்டரில் வாங்க வேண்டாம்.

இனி வேலையைப் பேசுவோம். மே மாதம் அரசுக் கல்லூரிகளுக்கு இணைய விண்ணப்பம் திறக்கும். அதற்குள் நம் ஒவ்வொரு மாவட்டக் குழுவும் உதவி மேசை போட இடம் பார்த்துவைக்க வேண்டும். விண்ணப்பம் நிரப்பித் தருவதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளை எந்தப் பிரிவில் சேர்ந்தது, என்ன ரசீது கொடுத்தார்கள், ரசீது இல்லாமல் என்ன வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கல்லூரிப் பெயரோடு எழுதுங்கள், மாணவர் பெயர் வேண்டாம். ஒரு மாவட்டத்தின் உதவிபெறும் கல்லூரிகளில் காலைக் கட்டணமும் மதியக் கட்டணமும் எவ்வளவு என்ற பட்டியல் நம் கையில் இருந்தால் சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்குத் தைரியமாகப் போகலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும் ஒரு மனு போடுங்கள். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர். மூன்றே கேள்வி. பத்து ரூபாய்க் கட்டணம். உயர்கல்வித் துறையின் மானியக் கோரிக்கை சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வரும் நாளில் இந்த எண்கள் ஒவ்வொரு உறுப்பினரின் மேசையிலும் இருக்க வேண்டும்.

நாம் கேட்பதைக் குழப்பமில்லாமல் கேட்போம். அரசுப் பல்கலைக்கழகங்களின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் அரசு முழுமையாக ஏற்க வேண்டும், அதைத் தணிக்கை ஆட்சேபணையின் பெயரில் நிறுத்தி வைக்க முடியாதபடி சட்டமாக்க வேண்டும். உதவிபெறும் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவுகளை ஆண்டுதோறும் படிப்படியாக மானியத்துக்குள் கொண்டுவர வேண்டும். காலிப் பணியிடத்தை நிரப்பும்போது பல ஆண்டு உழைத்த கௌரவ விரிவுரையாளருக்கு உரிய இடம் தர வேண்டும், அதுவரை 50,000 ரூபாய், பன்னிரண்டு மாதமும். தனியார் பல்கலைக்கழகத் திருத்தத்தை முற்றாகக் கைவிட வேண்டும். இதில் எதையும் பேரம் பேசிக் குறைக்கும் அதிகாரத்தை நம் தலைவர்களுக்கும் நாம் தரவில்லை.

தொழிற்சங்கத் தோழர்களே, நீங்கள் வராமல் இது மாணவர் பிரச்சினையாகவே முடிந்துவிடும். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சிவகாசிப் பட்டாசு ஆலையிலும் அரசுப் பேருந்துப் பணிமனையிலும் வாயிற்கூட்டம் போடும்போது கூலி உயர்வோடு கல்லூரிக் கட்டணத்தையும் பேசுங்கள். வாங்கிய உயர்வில் எவ்வளவு பிள்ளையின் பருவக் கட்டணமாக வெளியே போகிறது என்று கேளுங்கள், கூட்டம் தானாகப் பேசும். மாதர் அமைப்புத் தோழர்கள் சுய உதவிக் குழுக்களில் பேசுங்கள். குழுக் கடன் பதிவேட்டில் கல்விக்கு என்று எத்தனை கடன் எழுதியிருக்கிறது என்று அங்கேயே எண்ணச் சொல்லுங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் ஒன்று மே 1. உழைப்பாளர் நாளில் கூடும் சபையில், எங்கள் வட்டத்து அரசுக் கல்லூரியின் காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும், மானியத்தை உயர்த்த வேண்டும் என்று ஒவ்வொரு ஊரும் தீர்மானம் போட முடியும். தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும், சபைக்குத் தலைமை ஏற்றவர் கையெழுத்து வேண்டும், நகல் வாங்க வேண்டும். எதிர்ப்பு வந்தால் பதில் சொல்ல ஊரில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவியையே எழுந்து பேசச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் தீர்மானத்தை யார் எழுதுவது, யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது என்று இந்த வாரக் கிளைக் கூட்டத்திலேயே பெயர் குறித்து மாவட்டக் குழுவுக்கு அனுப்புங்கள். வாசகத்தின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், எழுதித் தருகிறோம்.